நிலவேம்புக் குடிநீர்: குணமும் எல்லையும்

ஐப்பசி பிறந்து விட்டால் எங்கள் பக்கத்தில் மூன்று விருந்தாளிகள் தவறாமல் வந்து சேருவார்கள். மேற்கு மலையிலிருந்து மழை வரும். மழையைத் தொடர்ந்து கொசு வரும். கொசுவைத் தொடர்ந்து ஜுரம் வரும். சமீப வருஷங்களில் நாலாவதாக ஒருவரும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து கொண்டிருக்கிறார். தெரு முனையில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு பெரிய அண்டா, பக்கத்தில் அடுக்கி வைத்த தம்ளர்கள், முகத்தைச் சுளித்துக் கொண்டு வரிசையில் நிற்கும் ஜனங்கள். அண்டாவில் இருப்பது நிலவேம்புக் குடிநீர். வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் கூட, "சும்மா கொடுக்கிறார்கள், குடித்து வைப்போம்" என்று ஒரு மிடறு விழுங்கி விட்டுப் பஸ் ஏறுகிறார்கள்.

பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் என்றால் உலகத்திலுள்ள சகல விஷயங்களும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது நமது தாய்மார்களின் நம்பிக்கை. "ஸார், பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா? எத்தனை நாளைக்குக் கொடுக்கலாம்? மருமகள் முழுகாமல் இருக்கிறாள், அவளும் குடிக்கலாமா? ஏதோ சந்ததிக்கு ஆகாது என்கிறார்களே, நிஜந்தானா?" என்று இந்தப் பருவம் முழுவதும் கேள்விகள் வந்த வண்ணமாயிருக்கின்றன. நான் வைத்தியப் பட்டம் பெற்றவன் அல்லன். ஆயினும் இந்த மூலிகையைப் பற்றி நமது நாட்டிலும் பிற நாடுகளிலும் ஆராய்ந்து அறிந்திருப்பவை பல உண்டு. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு உபயோகப்படும் அளவில் அவற்றை இவ்வாரம் தொகுத்துச் சொல்லுகிறேன்.

செடியும் அதன் பெயர்களும்

நிலவேம்பு என்பது வேப்ப மரத்துக்கு எவ்வித உறவும் இல்லாத ஒரு சிறு செடி. ஆடாதோடை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. முழங்கால் உயரம் முதல் இடுப்பு உயரம் வரையில் வளரும். தண்டு நாற்சதுரமாயிருக்கும். இலை குறுகி, இரு புறமும் கூர்மையாய், கரும்பச்சை நிறத்துடன் இருக்கும். வெள்ளைப் பூவில் ஊதாப் புள்ளிகள் காணப்படும். வேர் முதல் நுனி வரையில் எந்தப் பாகத்தைக் கிள்ளி வாயில் இட்டாலும் கசப்பு. இந்தக் கசப்பின் காரணமாகவே, நிலத்தோடு ஒட்டி வளரும் வேம்பு என்று நம் முன்னோர்கள் பெயரிட்டார்கள். இலங்கையில் சிங்களவர்களும் தங்கள் பாஷையில் இதை 'நிலத்து வேம்பு' என்ற பொருள்படவே அழைக்கிறார்கள். வடநாட்டில் இதற்குக் காலமேகம் என்று பெயர். நமது கிராமங்களில் சிறியாநங்கை என்று சொல்லுவதும் இதைத்தான்.

பெயரில் இருக்கும் ஒற்றுமையினால் வரும் குழப்பத்தை முதலிலேயே தீர்த்து விடுவது நல்லது. வேம்பு வேறு, மலைவேம்பு வேறு, நிலவேம்பு வேறு. மூன்றும் கசக்கும் என்பதைத் தவிர இவற்றுக்குள் பொதுவானது அதிகமில்லை. ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றொன்றுக்கு வைத்துக் கொண்டால் விபரீதம் விளையும். மலாய் நாட்டில் குடியேறிய நம்மவர் குடும்பங்களில், கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதனால் வாந்தி, மயக்கம், வலிப்புக் கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 13 குழந்தைகளைப் பற்றி 1981-ல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் டாக்டர்கள் எழுதினார்கள். கசப்பெல்லாம் குழந்தைக்கு நன்மை என்று எண்ணியிருந்த தாய்மார்களின் நல்ல மனசுக்கு அங்கே நேர்ந்த பலன் அது.

ஒன்பது சரக்குகள்

தெரு முனையில் கொடுக்கப்படுவது வெறும் நிலவேம்பு அன்று. சித்த வைத்திய முறைப்படி நிலவேம்புக் குடிநீர் என்பது ஒன்பது சரக்குகள் கூடிய ஒரு மருந்து. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகிய இவற்றைச் சம அளவில் எடுத்துக் கொரகொரப்பாக இடித்து வைத்துக் கொள்ளுவார்கள். சந்தனமும் வெட்டிவேரும் குளிர்ச்சி. சுக்கும் மிளகும் உஷ்ணம். ஒன்றின் வேகத்தை மற்றொன்று தாங்கிப் பிடிக்குமாறு சேர்த்திருக்கிறார்கள் என்பது வைத்தியர்களின் விளக்கம்.

இந்தப் பொடியைத் தண்ணீரில் இட்டுக் கொதிக்க வைத்து, நாலில் ஒரு பங்காகச் சுண்டியதும் இறக்கி வடிகட்ட வேண்டும். 200 மில்லி நீர் 50 மில்லியாக வேண்டும் என்று கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 30 முதல் 50 மில்லி வரையில் கொடுப்பது வழக்கம். குழந்தைகளுக்கு வயதுக்குத் தக்கபடி இதை வெகுவாகக் குறைத்து, சித்த வைத்தியர் சொல்லும் அளவிலேயே கொடுக்க வேண்டும். காய்ச்சிய சில மணி நேரத்துக்குள் குடித்து விட வேண்டும். காலையில் காய்ச்சியதை மூடி வைத்து இரவில் கொடுப்பதும், மறு நாள் சுட வைத்துக் கொடுப்பதும் முறையல்ல. 'குடிநீர்' என்று பெயர் இருப்பதால் தாகத்துக்குக் குடிக்கும் நீர் போலும் என்று நினைத்துச் சொம்பு சொம்பாகக் குடிக்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சித்த வைத்தியத்தில் குடிநீர் என்றால் கஷாயம் என்று அர்த்தம். அதற்கு அளவு உண்டு.

2020-ல் கொரோனாக் காலத்தில் ஊரெங்கும் வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் சேரும் 15 சரக்குகளில் நிலவேம்பும் ஒன்று. ஆகையால் 'அதுவும் ஒரு தம்ளர், இதுவும் ஒரு தம்ளர்' என்று இரண்டையும் கலந்து பருகுகிறவர் ஒரே மூலிகையை இருமுறை உட்கொள்ளுகிறார் என்பதை அறிய வேண்டும்.

அண்டா தெருவுக்கு வந்த கதை

2006-ல் சிக்குன்குனியா ஜுரம் தமிழ்நாட்டைப் பிடித்து ஆட்டியது. மூட்டு மூட்டாக வலித்து, நடந்தவர்களையெல்லாம் குனிய வைத்த அந்த ஜுரத்தின் போது நிலவேம்பின் பெயர் பரவலாயிற்று. 2012-ல் டெங்கு ஜுரம் கடுமையாகப் பரவியபோது அரசாங்கமே இதைக் கையில் எடுத்துக் கொண்டு ஆஸ்பத்திரிகளின் மூலம் வழங்கியது. பப்பாளி இலைச் சாறும், மலைவேம்பு இலைச் சாறும் அப்போது உடன் பேசப்பட்டன. 2017-ல் மறுபடியும் டெங்கு மிகுந்தது. கட்சிக்காரர்கள், சங்கத்தார், ரசிகர் மன்றத்தார் எல்லாரும் அண்டா வைத்தார்கள். அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் நடிகர் கமல்ஹாசன், சரியான ஆராய்ச்சி முடிவு தெரியும் வரையில் இதை விநியோகிக்க வேண்டாம் என்று தம் ரசிகர்களைக் கேட்டுக் கொண்டார். உடனே நாடு இரண்டு பட்டது. நமது பண்டைய வைத்தியத்தை அவமதித்து விட்டார் என்று ஒரு சாரார். பச்சிலையை நம்புவது மூடத்தனம் என்று மற்றொரு சாரார். இந்தச் சத்தத்தில், மருந்தைப் பற்றித் தெரிந்திருப்பது என்ன என்று நிதானமாகக் கேட்டவர்கள் சிலரே.

சோதனை சொல்வது என்ன?

நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடு என்னும் வஸ்து 1911-லேயே பிரித்தெடுக்கப்பட்டு விட்டது. அது முதல் எத்தனையோ பரிசோதனைகள் நடந்திருக்கின்றன. அவற்றை மூன்று படிகளாக வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

முதற்படி, கண்ணாடிக் குழாய். ஆராய்ச்சிச் சாலையில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களில் டெங்கு, சிக்குன்குனியாக் கிருமிகளை விட்டு, நிலவேம்புக் குடிநீரின் சாரத்தைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். கிருமிகள் பெருகுவது குறைந்திருக்கிறது. இது சந்தோஷமான செய்தி. ஆனால் கண்ணாடிக் குழாய்க்கு வயிறு கிடையாது, ஈரல் கிடையாது. நாம் குடிக்கும் 50 மில்லி கஷாயம் ஜீரணமாகி ரத்தத்தில் கலக்கும்போது அதே வலுவுடன் போய்ச் சேருமா என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது படி, பிராணிகள். எலிகளுக்குக் கொடுத்ததில் ஜுரமும் வீக்கமும் தணிவதாகக் கண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது படியே நமக்கு முக்கியமானது. அது மனிதர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு வேறொன்றும் கொடுத்து ஒப்பிடும் சோதனை. ஜலதோஷம், தொண்டைவலி, இருமல் ஆகியவற்றில் இத்தகைய சோதனைகள் நிறைய நடந்துள்ளன. 2017-ல் 33 சோதனைகளை, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு ஒன்று சேர்த்து ஆராய்ந்தார்கள். இருமலும் தொண்டைவலியும் தணிய இம்மூலிகை உதவுவதாகவே தோன்றுகிறது என்றும், ஆனால் பல சோதனைகள் போதிய கண்டிப்புடன் நடத்தப்படவில்லை என்றும் அவர்கள் எழுதினார்கள். தாய்லாந்து தேசத்தில் இம்மூலிகை ஜலதோஷத்துக்கு வெகு காலமாக வழங்கி வருகிறது. கொரோனாக் காலத்திலும் அந்த அரசாங்கம் லேசாக நோய் கண்டவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தது.

டெங்குவைப் பொறுத்த மட்டில், இக்குடிநீரைக் குடித்தவருக்கு அந்த நோய் வராது என்றோ, வந்தவருக்கு உயிராபத்து நீங்கும் என்றோ ஐயமறக் காட்டிய சோதனை இதுவரை இல்லை. ஜுரத்தின் அலுப்பையும் உடம்பு வலியையும் கொஞ்சம் தணிக்கலாம். அந்த அளவுக்கு மேல் இதன் தலையில் பாரத்தை ஏற்றுவது மருந்துக்கும் நியாயமல்ல, நோயாளிக்கும் நியாயமல்ல.

சந்ததி பற்றிய பயம்

இந்தப் பயத்துக்கு ஒரு மூலம் உண்டு. 1990-ல் திருச்சிராப்பள்ளியில் செய்யப்பட்ட ஆராய்ச்சி ஒன்றில், ஆண் எலிகளுக்கு நிலவேம்பு இலைப் பொடியைப் பல வாரம் தொடர்ந்து கொடுத்ததில் விந்து உற்பத்தி பாதிக்கப்பட்டதாகக் கண்டார்கள். 1997-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள், நிலவேம்புச் சாரத்தை அதிக அளவில் 60 நாள் எலிகளுக்குக் கொடுத்தும் அத்தகைய தீங்கு எதையும் காணவில்லை. பிறகு மனிதர்களிடம் நடந்த ஒரு சிறு சோதனையிலும் கெடுதல் காணப்படவில்லை. ஆகவே ஜுரக் காலத்தில் மூன்று நாளோ ஐந்து நாளோ அளவாகக் குடித்த வாலிபர்கள் மனக்கலக்கம் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 'உடம்புக்கு நல்லது' என்று மாதக்கணக்கில் தினந்தோறும் குடித்து வருவதற்கு எந்த வைத்திய நூலின் ஆதரவும் வேண்டியதில்லை என்று எண்ணுவது தவறு. மருந்தை ஆகாரமாக்கிக் கொள்ளுவது எந்த முறையிலும் சொல்லப்படவில்லை.

கர்ப்பிணிகள் விஷயத்தில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை. பிராணிகளிடம் செய்த சோதனைகளில் கர்ப்பத்துக்குத் தீங்கு காணப்பட்டிருக்கிறபடியால், கர்ப்பிணிகளும், குழந்தையை எதிர்பார்த்திருக்கும் பெண்களும், பாலூட்டும் தாய்மாரும் இதைத் தாமாகக் குடிக்கலாகாது.

வேறு யாருக்கு ஆகாது?

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ போட்டுக் கொள்ளுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நிலவேம்பு சர்க்கரையைக் குறைக்கும் தன்மையுள்ளது. மாத்திரையும் கஷாயமும் சேர்ந்து அளவுக்கு மேல் குறைத்து விட்டால் தலை சுற்றி விழ நேரிடும். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடும் இருதய நோயாளிகளும், சத்திர சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சிலருக்கு இம்மூலிகை உடம்பில் ஒத்துக் கொள்ளுவதில்லை. தடிப்பு, அரிப்பு, உதடும் கண் இமையும் வீங்குதல் ஆகியவற்றோடு மூச்சுத் திணறலும் உண்டாகலாம். ஆஸ்திரேலியாவில் இத்தகைய கடுமையான ஒவ்வாமை கண்டவர்களின் விவரங்களை அந்நாட்டு அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் ஆராய்ந்து 2015-ல் அறிக்கை வெளியிட்டது. இது அபூர்வமானது, எனினும் உயிரைக் குடிக்கக் கூடியது. குடித்த பின் மூச்சு முட்டினால், 'கசப்புத்தான், சரியாய்ப் போய்விடும்' என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாக்கில் ருசி தெரியாமற் போவதும், வயிற்றுப் புரட்டலும் சிலருக்கு ஏற்படுவதுண்டு. நிறுத்தினால் பெரும்பாலும் இவை நீங்கும்.

ஜுரம் விட்ட பிறகு வரும் ஆபத்து

இனிச் சொல்லப் போவதே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. டெங்குவில் ஜுரம் கொதிக்கும் நாட்களைக் காட்டிலும் ஜுரம் தணியும் நாட்களே அபாயமானவை. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், உடம்புச் சூடு இறங்கும் சமயத்தில், சிலருக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து வெளியே கசிந்து விடுகிறது. ரத்தம் கெட்டியாகி, நாடி தளர்ந்து, உடம்பு சில்லிடுகிறது. இந்த நெருக்கடி 24 மணி முதல் 48 மணி நேரம் வரையில் இருக்கும். அந்நேரத்தில் டாக்டரின் கண்காணிப்பில், அளந்து ஏற்றும் உப்பு நீர் உயிரைக் காப்பாற்றி விடும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் வாசித்த ஒரு பையனுக்கு இவ்வாறு நேர்ந்தது. நாலு நாள் ஜுரம். அவனுடைய அப்பத்தா வேளை தவறாமல் கஷாயம் கொடுத்து வந்தாள். ஐந்தாம் நாள் காலையில் ஜுரம் விட்டது. வீட்டார் கஷாயத்தைக் கொண்டாடினார்கள். பிற்பகலில் பையன் வயிறு வலிக்கிறதென்று சுருண்டு படுத்தான். இரண்டு தரம் வாந்தி எடுத்தான். தாயார், "ஜுரந்தான் விட்டுப் போச்சே, பசியாயிருக்கும்" என்று ரசஞ் சோறு பிசைந்து கொண்டு வந்தாள். கிழவி பேரனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சோத்தை அங்கிட்டு வை, தாயி. நான் மருந்து கொடுத்தது காய்ச்சலுக்கு. இது வேற என்னமோ பண்ணுது. 108-ஐக் கூப்பிடு" என்றாள். அன்றிரவே பையனுக்கு உப்பு நீர் ஏற்றப்பட்டது. பத்து நாளில் பள்ளிக்கூடத்துக்கு வந்து விட்டான். அந்தக் கிழவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தான் கொடுத்த மருந்தின் எல்லை எது என்பது மாத்திரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நன்றாகப் படித்த பலருக்கு அது தெரிவதில்லை.

ஆகையால் தாய்மார்கள் இந்த அடையாளங்களை மனப்பாடம் செய்து வைத்துக் கொள்ள வேண்டும்: கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மலம் கறுத்துப் போதல், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், காரணமில்லாத மயக்கம் அல்லது தவிப்பு. இவற்றில் ஒன்று கண்டாலும் எந்தக் கஷாயத்தையும் நம்பி ஒரு மணி நேரங்கூட வீட்டில் வைத்திருக்கலாகாது. ஜுரத்துக்குப் பாரசிட்டமால் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுப்ரொஃபன் முதலியவை ரத்தக் கசிவை அதிகமாக்குமாதலால் கூடவே கூடாது. கஞ்சி, இளநீர், மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் இவற்றை அடிக்கடி கொடுத்து வர வேண்டும்.

பாம்புக்கடிக்கு ஆகாது

சிறியாநங்கையைப் பற்றி இந்தப் பக்கத்தில் மற்றொரு நம்பிக்கையும் உண்டு. வாசலில் அதை வளர்த்தால் பாம்பு அண்டாது. பாம்பு கடித்தவனுக்கு அந்த இலையைக் கொடுத்தால் விஷம் இறங்கும். இலை கசந்தால் விஷமில்லை, கசக்காவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று சொல்லுகிறார்கள். காட்டு வேலை செய்கிறவர்கள் நிறைந்த ஊர் இது. ஆகவே இதை ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டியது கடமையாகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் மாற்று, ஆஸ்பத்திரியில் ஊசி மூலம் செலுத்தப்படும் விஷ முறிவு மருந்து ஒன்றுதான். அந்த மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தைச் சேகரித்துக் கொடுப்பவர்களில் மாமல்லபுரத்துக்கருகே வடநெம்மேலியில் 1978 முதல் சங்கம் வைத்து நடத்தும் நம் இருளர் சகோதரர்கள் முக்கியமானவர்கள். பாம்பையும் பச்சிலையையும் அவர்களைக் காட்டிலும் அறிந்தவர்கள் யார்? இலையை மென்று ருசி பார்ப்பதில் கழியும் அரைமணி நேரம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டிய அரைமணி நேரமாகும்.

நம்முடையது என்பதனால்

'இவ்வளவு கேள்வி கேட்டால் சுதேச வைத்தியம் எப்படிப் பிழைக்கும்?' என்று சிலர் வருந்தக் கூடும். அவர்களுக்கு ஒரு பழைய சம்பவத்தை ஞாபகப்படுத்துகிறேன். 1925-ம் வருஷம் மே மாதம் கல்கத்தாவில் அஷ்டாங்க ஆயுர்வேத வித்தியாலயத்தின் விழாவுக்குக் காந்தியடிகளை அழைத்திருந்தார்கள். கதரும் கைராட்டினமும் போல ஆயுர்வேதத்தையும் அவர் வானளாவப் புகழ்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ, நமது வைத்தியர்கள் முன்னோரின் பெருமையிலேயே காலங் கழிக்கிறார்கள் என்றும், மேனாட்டாரிடம் உள்ள ஆராய்ச்சி ஊக்கமும் அடக்கமும் இவர்களிடம் காணவில்லை என்றும் மனம் விட்டுச் சொல்லி விட்டார். கவிராஜ் கணநாத சேன் இது பற்றி அவருக்குக் கடிதம் எழுதினார். காந்தியடிகளும் 'யங் இந்தியா'வில் தம் கருத்தை விளக்கினார்.

அதே கணநாத சேன் 1931-ல், கார்த்திக சந்திர போஸ் என்பவருடன் சேர்ந்து, நமது சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதென்று எழுதினார். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், அவ்வேரைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை முறையாகக் கணக்கெடுத்து இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளியிட்டார். 1952-ல் அதிலிருந்து ரெஸர்ப்பின் என்னும் சத்து பிரிக்கப்பட்டது; உலகெங்கும் அது மருந்தாயிற்று. பிறகு, அது சிலருடைய மனசைச் சோர்வில் ஆழ்த்துகிறதென்பதும் தெரிய வந்தது. குணமும் தோஷமும் இரண்டுமே ஆராய்ச்சியினால்தான் வெளியாயின. சீனாவிலும் இவ்வாறே. தூ யூயூ என்னும் பெண்மணி 1,600 வருஷத்துக்கு முந்திய வைத்திய நூல் ஒன்றிலிருந்து குறிப்புப் பெற்று, ஒரு பூண்டை ஆராய்ந்து மலேரியாவுக்கு மருந்து கண்டார். 2015-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பழைய நூலில் இருக்கிறதே என்று அவர் அப்படியே விநியோகித்து விடவில்லை. நூலிலுள்ளது மெய்யா என்று வருஷக்கணக்கில் சோதித்தார்.

நமக்கு அதற்கு வேண்டிய வசதிகள் இல்லாமலில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசினர் சித்த வைத்தியக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிலையம் இருக்கிறது. அங்கெல்லாம் படித்துத் தேறிய வைத்தியர்கள் அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தப் பிரிவுகளில் அமர்ந்திருக்கிறார்கள். வயதையும் வேறு மருந்துகளையும் விசாரித்து அளவு சொல்லுவார்கள். தெரு முனை அண்டாவுக்கு அந்த விசாரணை தெரியாது.

வீட்டுக்குச் சில விதிகள்

1. பொடி வாங்கும்போது தயாரிப்பு உரிம எண், சேர்ந்துள்ள சரக்குகளின் பெயர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை அச்சிட்ட பொட்டலமாகப் பார்த்து வாங்குங்கள். 'டாம்ப்கால்' என்னும் அரசு நிறுவனமும், 'இம்ப்காப்ஸ்' என்னும் கூட்டுறவுச் சங்கமும் இம்மருந்துகளைத் தயாரிக்கின்றன.

2. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகிறவர்கள் மூலிகை என்று கட்டுக் கட்டாக வாங்கி வருகிறார்கள். காய்ந்த செடியை முகர்ந்து பார்த்து இன்னதென்று சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? மலையில் பறிப்பதோ குற்றம். 2021 முதல் அப்பிரதேசம் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக இருக்கிறது.

3. பூஞ்சணம் பிடித்த பொடியை வெயிலில் காய வைத்து உபயோகிக்காதீர்கள். எறிந்து விடுங்கள்.

4. டாக்டரிடம் போகும்போது கஷாயம் குடித்ததை மறைக்காதீர்கள். 'திட்டுவாரோ' என்ற கூச்சத்தினால் மறைத்தால் அவர் கொடுக்கும் மருந்தோடு அது மோதும்.

5. எல்லாவற்றுக்கும் மேலாக, கொசுவைக் கவனியுங்கள். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. தண்ணீர் முறை வைத்து வரும் நம் ஊர்களில் வீடு தோறும் தொட்டியும் டிரம்மும் நிறைந்திருக்கின்றன. கொல்லையில் தேங்காய்ச் சிரட்டையும் பழைய ஆட்டுக்கல்லும் இருக்கின்றன. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் தொட்டியைக் கவிழ்த்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காய விட்டால் அந்தச் சந்ததி அற்றுப் போகும். வெறுமே தண்ணீரைக் கொட்டினால் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை மாதக் கணக்கில் உலர்ந்து கிடந்து, மறுபடி நீர் பட்டதும் உயிர் பெறும்.

இந்த ஐந்தாவது விதிக்குக் கசப்பு இல்லை, பத்தியம் இல்லை, கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் தீங்கு இல்லை. ஒரு தேங்காய் நார் இருந்தால் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு கொல்லைப்புறம் போய் முதலில் அதைச் செய்து முடியுங்கள். பிறகு வீட்டில் யாருக்காவது ஜுரம் கண்டால் கஷாயமும் காய்ச்சுங்கள். நாளையும் எண்ணிக் கொண்டிருங்கள்.